குடித்தனக்காரர் வீட்டில்தான் இருக்கிறார்

786

குனியமுத்தூர்,
7.7.99

பாசமுள்ள அண்ணன் சஹீருக்கு உன் தங்கை சஃபியா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அதுபோல நீயும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், காதைத் துணியால் மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ செய்கிறோம். இதுவரை எழுதியது அம்மா எப்போதும் சொல்லி நான் எழுதும் வரிகள். இனி வருவது நானாக எழுதுவது. அம்மா தூங்கிவிட்டாள். லைட்டைப் போட்டால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்பதால் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வெள்ளிக்கிழமை அம்மா சொல்லச் சொல்ல வழக்கமான கடிதம் ஒன்று எழுதிப் போடுவோம். அதில் வீட்டுக்காரரால் ஒரு தொந்தரவும் இல்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று இருக்கும். அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள். ஆனால் இதை நம்பு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ பட்டாளத்தை விட்டு ஓடிவந்து வீட்டில் ஒளிந்திருக்கிறாய் என்று உன் பட்டாள டெப்போ ஆபீஸில் நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கே இருப்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நீ இங்கே இருப்பதற்குத்தான் சாட்சி இருக்கிறது. எப்படி இப்படி ஆனது என்று முதலில் இருந்து எழுதுகிறேன், திட்டாமல் படி.

நீ ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் அரங்கசாமி ஐயா நம் சந்தில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, உன்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினாரே. வருஷத்துக்கு ஒருமுறை கேம்ப் போய்வருகிற டி.ஏ. பட்டாளம்தானே, மற்ற நாளெல்லாம் லேத் பட்டறைதானே என்று நினைத்திருந்த உன்னை நிஜச் சண்டைக்கே கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைத் தன் சம்சாரம் ராமாமணியம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் காப்பி சாப்பிட்டுப்போட்டுப் போங்க என்று மைக்கில் சொன்னார். அதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும். நீ போன மறுநாள் காலையில் அவர் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, ஸ்டாம்பு பேப்பரில் எழுதிய வாடகை அக்ரிமென்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். உனக்குப் பதக்கம் கேட்டு ஏதோ எழுதிப் போடப் போகிறார் என்று நினைத்து அம்மா டீ வைத்தாள். அவர் உட்காரவே இல்லை. ஏனுங்க சாஜிதாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, குடித்தனக்காரர் தவணைக்கு முன்னால வேற எடத்துக்குக் குடிபோனா அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதில்ல, மிச்ச மாச வாடகையும் கட்டோணும்னு இதுல இருக்குதுங்க, தம்பி குடிபோயிட்டாருங்க, ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்தரோணுமுங்க என்றார். அவன் எங்கீங்க குடிபோனான், சண்டைக்கல்லங்க போயிருக்கறான் என்று அம்மா கேட்டாள். சண்டைன்னாலும் ராத்திரி எங்கியோ ஒரு எடத்துல படுக்கோணுமில்லீங்க, படுக்கற எடந்தானுங்க குடியிருக்கற எடம் என்றார். கேம்ப் போவான்னு அன்னிக்கே சொன்னோமுங்களே என்றாள் அம்மா. கேம்ப்புன்னா போற தேதியும் வார தேதியும் இருக்குமுங்க, இதுல போற தேதி மட்டுந்தானுங்க இருக்குது என்றார். அம்மா டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். நானும் எம் பொண்ணும் இங்கதானுங்களே இருக்கறோம் என்று அம்மா கடைசியாகச் சொல்லிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டவரு தம்பிதானுங்க, அக்ரிமென்ட்படி பாத்தா நீங்க ரெண்டு பேரும் தம்பியோட வந்த கட்டில் பீரோ மாதிரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நேற்றுப் பொன்னாடை போர்த்தினீர்களே என்று நான் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அது நாட்டுக்குங்க அம்மணி, இது அக்ரிமென்ட்டுக்குங்க என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் கெட்டவர் இல்லை அண்ணா, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். அன்று மத்தியானம் ராமாமணியம்மா கீழே வந்து உள்விஷயத்தைச் சொன்னார். நமக்கு முன்னால் இதே கீழ் வீட்டில் அவர்களுடைய மருமகன் குடியிருந்தாராம். பெங்களூரில் வேலை கிடைத்துத் தவணைக்கு முன்னால் போனதற்கு, இதே அக்ரிமென்டைக் காட்டி மருமகனிடமே அபராதம் வாங்கிவிட்டாராம் இவர். அதில் இருந்து மகள் பொங்கலுக்கும் வருவதில்லை, தீபாவளிக்கும் வருவதில்லை. இப்போது உனக்கு விட்டுக்கொடுத்தால், ஊராருக்கு விடுவீங்க, எம் புருசனுக்கு மட்டும் விட மாட்டீங்களான்னு அவ கேப்பாளே, நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் பேசறது என்று இவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் புலம்பினாராம். ராமாமணியம்மா அவருக்கு ரெண்டு நாள் காப்பி போடாமல் இருந்து பார்த்தார், அவரே போட்டுக் குடித்துவிட்டு, அந்த அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

வேறு வீடு பார்க்கலாம் என்று நீ எழுதுவாய். அம்மா பார்க்காமல் இல்லை. தைத்த பாவாடைகளைக் கடையில் கொடுக்கப் போகும் சாக்கில் ஒவ்வொரு தெருவாகக் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். போன வருஷம் ஊரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நம் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முதலில் வாங்க வாங்க என்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், பெயரைக் கேட்பார்கள், அடடா நேத்துச் சாயந்தரந்தானுங்க கைமாறிப்போச்சு என்பார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள், நாம்தான் ஒரு நாள் தாமதமாகப் போய்விட்டோம் என்று நமக்கே தோன்றும். அந்தச் சமயத்தில் எதுவும் கேட்காமல், பெயரை எழுத்துக் கூட்டிச் சரியாக எழுதிக்கொண்டு வீடு கொடுத்தவர் இந்த அரங்கசாமி ஐயா ஒருவர்தான். அதுவும் அக்ரிமென்டில் மதம் என்ற பத்தியே இல்லை என்பதால்தானாம், அவரே சொன்னார். அட்வான்ஸ் முழுவதும் அம்மாவின் வளையல் என்பதையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் அவர் முகம் மலர்ந்து கீழே வந்தார். வழி கண்டுபிடித்துவிட்டாராம். அவர் ஸ்பின்னிங் மில்லில் ஆயுசு முழுக்க டைம் கீப்பராக இருந்தவர் இல்லையா, அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டாம். ஆள் வந்ததும் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு உள்ளே போவானாம். டோக்கன் மாட்டியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று கணக்கு. அவன் மிஷினில் நிற்கிறானா, பஞ்சு மூட்டைக்குப் பின்னால் தூங்குகிறானா, சுவர் ஏறிக் குதித்து சினிமாவுக்குப் போனானா என்று பார்ப்பது டைம் கீப்பர் வேலை இல்லையாம். நான் டோக்கனைத்தானுங்க பாப்பேன், ஆளை எப்பவுமே பாத்ததில்லீங்க என்று பெருமையாகச் சொன்னார். அதனால், தம்பியோட செருப்பு ராத்திரி கேட் பூட்டற நேரத்துக்கு வாசல்ல இருந்துச்சுன்னா, தம்பி ஊட்டுலதான் குடியிருக்காருன்னு என் கணக்கு, எம் பொண்ணுகிட்டயும் நான் தலை நிமிர்ந்து சொல்லுவேன், நான் கூப்பிட்டா உள்ள இருந்து ஒரு சத்தம் வந்தாப் போதுமுங்க என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். எங்கூட்டுல யாரும் வாயால பொய் சொல்ல மாட்டோமுங்க, இருக்கான்னு நாங்க சொல்ல மாட்டோம் என்றாள். யோசித்துப் பார்த்து, இருமலாமுங்களே, இருமறது பொய்யில சேராதுங்களே என்று அவரே சொன்னார். அம்மாவும் சேராதுதான் என்று ஒத்துக்கொண்டாள்.

அன்றில் இருந்து நான்தான் உன் இருமல். குளியலறைக்குள் போய் நின்றுகொள்வேன், அவர் சாவிக்கொத்தோடு வந்து, சஹீர் தம்பி உள்ளங்களா என்று கேட்பார், நான் நீ பீடி பிடித்துவிட்டு வந்து அம்மாவுக்குத் தெரியாமல் இருமுவாயே அந்த இருமலை இருமுவேன். சரிங்க என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டுவார். செருப்போடு நிற்கவில்லை. செருப்பு இருந்தா சட்டை காயோணுமில்ல என்று அம்மா உன் சட்டையைக் கொடியில் போட்டாள். மதுக்கரை சிமென்ட் லாரிகள் போகிற தூசியில் சாயங்காலத்துக்குள் அது சாம்பல் பூத்துவிடும், யாரும் போடாத சட்டையைத் தினமும் நான் துவைக்கிறேன். உனக்குத் தட்டு வைத்தாள். ராமாமணியம்மா மேலே இருந்து தம்பிக்கு என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் எதையாவது கொடுத்துவிடுவார், நம் வீட்டில் இருப்பவர்கள் ரெண்டு பேர், சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர் என்று ஆகி, உன் பங்கையும் நான்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது, ஸ்கூல் பாவாடை இடுப்பில் ஏறவில்லை, அம்மா பிரித்துத் தைத்திருக்கிறாள். இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போகப் போக எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூப்பிட்டால் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும் என்பதற்காக அம்மா முதலில் சஹீரு சாப்பிட வாப்பா என்று கூப்பிட்டாள். இப்போது அவர்கள் மாடியில் இல்லாத நேரத்திலும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டு, நீ வருவதற்குக் கொஞ்சம் நேரம் விட்டு, பிறகுதான் தட்டில் போடுகிறாள். ரேடியோவில் செய்தி வரும்போது, எல்லையில் அத்தனை பேர் என்று சொல்லும்போது, எழுந்துபோய் உன் செருப்பை நேராக வைத்துவிட்டு வருகிறாள்.

பிறகு மோட்டார் விஷயம். கிணற்று மோட்டார் சத்தம் போட ஆரம்பித்தது. நீ இருக்கும்போது நீதானே பார்ப்பாய், நீதான் இருக்கிறாயே, அதனால் வீட்டுக்காரர் தம்பிகிட்டச் சொல்லி ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். உன் பட்டறை ராசப்பன் அண்ணனிடம் போய் அழுதாள். அந்த அண்ணன் போன சனிக்கிழமை இருட்டின பிறகு பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வந்தது. அழுக்காகும் என்று அம்மா உன் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தாள். கிணற்றடியில் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து டார்ச் வெளிச்சம் வருகிறது, பின்னாலேயே அரங்கசாமி ஐயா வருகிறார். ராசப்பன் அண்ணன் ஓடப் பார்த்தது. உக்காருங்க சஹீர் தம்பி, நான் டார்ச் அடிக்கிறேன், நீங்க பாருங்க என்று அவர் பக்கத்தில் குந்திக்கொண்டார். அண்ணனுக்குப் பயத்தில் ஸ்பேனர் கிணற்றில் விழுந்துவிட்டது. ஏனுங்க, நான் வந்துங்க, என்று ஆரம்பித்த அண்ணனை அம்மா பின்னால் இருந்து முறைத்தாள். ம் என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வேலையைப் பார்த்தது. முடிகிற வரைக்கும் அவர் உன்னிடம் பேசுகிற மாதிரியே ராசப்பன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். அங்கெல்லாம் குளிருங்களா தம்பி என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் தான் கேட்டது தப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். போகும்போது ராசப்பன் அண்ணன் அம்மாவிடம், யக்கா, நாளப்பின்ன என்னையப் புடிச்சு எல்லைக்கு அனுப்பிப்போடுவாங்களா என்று கேட்டது.

இனிமேல்தான் நான் பயந்த விஷயம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா உக்கடத்துக்குத் துணி வாங்கப் போயிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து இறங்கி, கண்ணு, சஹீர் ஊடு இதுதானே, அம்மா இல்லையா என்று கேட்டார். பெயர் லட்சுமணசாமி என்றும், உன் டெப்போ ஆபீஸில் இருந்து குடும்பத்தை விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், பட்டாளக் கடையில் மலிவாகச் சாமான் வாங்கும் கேன்டீன் கார்டு கொடுக்க வந்திருப்பதாகவும் சொன்னார். அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குள் வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டார். பட்டாள உடுப்பு இல்லாமல் ஒரு ஆள் வந்து சஹீரைப் பற்றி விசாரிப்பதைப் பார்த்ததும், தான் அக்ரிமென்டை விட்டுக்கொடுத்துவிட்டோமா என்று பார்த்துவர மருமகன்தான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இதை அப்புறம் அவரே சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அவர், சஹீருங்களா, ஊட்டுலதானுங்க குடியிருக்காரு, எங்கியும் போகலீங்க, பாருங்க செருப்பு என்றார். பெரியவர் செருப்பைப் பார்த்தார். கொடியில் ஈரமாக இருந்த சட்டையைப் பார்த்தார். கடைசியா எப்பங்க பாத்தீங்க அவரை என்று மெதுவாகக் கேட்டார். நேத்து ராத்திரிங்க, மோட்டார் ரிப்பேர் பண்ணுனாரு, நான்தானுங்க டார்ச் அடிச்சேன் என்றார் வீட்டுக்காரர். டைம் கீப்பர் சொல்வது போலவே, தயங்காமல் சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பி, நெசமா கண்ணு, அண்ணன் ஊட்டுல இருக்காரா என்று கேட்டார். இருக்கிறான் என்று சொன்னால் நீ ஓடிவந்தவன், இல்லை என்று சொன்னால் வீடு போய்விடும், ரெண்டும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து எனக்கு வாயே வரவில்லை அண்ணா. இருமல்தான் வந்தது. அதுவும் உன் இருமல். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேன்டீன் கார்டையும் கொடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்து முனை வரைக்கும் போய், அங்கே நின்று ஒரு தடவை திரும்பி நம் வீட்டைப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

அவர் போன பிறகுதான் நான் மாடிக்குப் போய் அவர் யார் என்று சொன்னேன். வீட்டுக்காரர் போய் அக்ரிமென்டை எடுத்துவந்து மறுபடியும் படித்தார். ராமாமணியம்மா தெலுங்கில் திட்டியது பக்கத்து காம்பவுண்டுக்கே கேட்டிருக்கும். பட்டாளத்து ஆபீஸ் ஆளுன்னாலும் நான் ஒரே பேச்சுதானே பேச முடியும் அம்மணி, டைம் கீப்பரு ரெண்டு கணக்கு எழுதக் கூடாதில்ல என்று கடைசியில் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றைக்கே டெப்போ வாசலில் போய் உட்கார்ந்து அழுவாள். திங்கட்கிழமை வகுப்பில் ரம்லாவிடம் மட்டும், யாரோ ஒருத்தர் கதை மாதிரி சொல்லிக் கேட்டேன். பட்டாளத்தில் இருந்து ஓடிவந்தவனை விலங்கு மாட்டி ரயிலில் கொண்டுபோவார்கள், போகிற வழியில் எல்லா ஸ்டேஷனிலும் இறக்கிக் காட்டுவார்கள் என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும் என்கிறாள். அதில் இருந்து சந்தில் ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இல்லாத உன்னைத் தேடி வந்தால் எங்கே ஒளித்துவைப்பது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன், அப்புறம்தான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

இன்று ராத்திரி கேட் பூட்டுகிற நேரம் அம்மா இஷா தொழுதுகொண்டிருந்தாள். அவர் வந்து வழக்கம் போல, சஹீர் தம்பி உள்ளங்களா என்று கேட்டார். நான் குளியலறைக்குப் போகவில்லை. வாசலுக்கு வந்து, அண்ணன் இல்லீங்க ஐயா, பட்டாளத்துல இருக்குதுங்க என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லு அம்மணி, செருப்பு இருக்குதே என்றார். செருப்பு மட்டுந்தானுங்க இருக்குது என்றேன். அவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் காதுல வாங்கலைன்னு வெச்சுக்கட்டுமா, நீ போய் ஒரு தடவை இருமிப்போட்டு வந்துரு என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். வாங்கிக்கோங்க ஐயா, நீங்க காதுல வாங்காட்டி எங்கண்ணனைப் புடிச்சுட்டுப் போயிருவாங்க என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டைப் பூட்டினார். பூட்டிவிட்டு உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதுவது போல எழுதிக்கொண்டார், மில்லில் ஆப்சென்ட் போடும் பழக்கமாக இருக்கும். பிறகு சொன்னார். நான் சாட்சி சொன்னதை வாய்ப்பேச்சுல மாத்த முடியாது கண்ணு, தம்பி கைப்பட எழுதி வரோணும், ஊட்டுல இல்லைன்னு, அது வந்துச்சுன்னா நானே டெப்போவுக்குப் போயி, அய்யா நான் பாத்தது டோக்கன், ஆளை இல்லைன்னு எழுதிக் குடுத்துப்போட்டு வாரேன். ஆனா ஒண்ணு, அந்தக் காகிதத்தை நான் படிச்சுட்டேன்னா அப்புறம் படிக்காத மாதிரி இருக்க என்னால ஆகாது, அக்ரிமென்ட் அக்ரிமென்ட்தான், நீயே ரோசனை பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். பாதிப் படியில் நின்று, சாப்பிட்டுட்டுப் படு கண்ணு என்றார்.

அம்மாவுக்கு இது கேட்டதா என்று தெரியவில்லை. தொழுகையில் இருந்தாள். ஸலாம் கொடுத்து முடித்த பிறகும் வெகுநேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு போடும்போது உன்னைக் கூப்பிடவில்லை. ரெண்டு தட்டுதான் எடுத்தாள்.

ஆகையால் அண்ணா, இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஒரு கார்டு எழுது. அம்மா பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கும் வேண்டாம், நேராக அரங்கசாமி ஐயா, மேல் மாடி என்று அவர் பெயருக்கே எழுது. நீ இருக்கிற ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தாய். ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. மலை, குளிர், துப்பாக்கி எதுவும் எழுத வேண்டாம். நான் வீட்டில் இல்லை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. அக்ரிமென்டில் போட்ட அதே கையெழுத்தாக இருக்கட்டும், அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். உன் மேலதிகாரி கேட்டால் இது நாங்கள் செய்த காரியம், நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல். பட்டாளத்துக்கு வரும் கடிதங்களை முதலில் பிரித்துப் படிக்கும் ஆபீஸர் ஐயா அவர்களுக்கும் இதில் ஒரு வேண்டுகோள். என் அண்ணன் சஹீர் உங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறான், தயவுசெய்து ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

வீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ராசப்பன் அண்ணன் தன் சித்தப்பா தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, மழை வந்தால் மட்டும் ஒழுகும் என்று சொன்னது. அங்கே அக்ரிமென்ட் கிடையாதாம், சித்தப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். ஸ்கூலுக்குக் கொஞ்சம் தூரம், நடந்துகொள்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன்னைப் பார்த்துக்கொள், ராத்திரி காவலுக்குப் போகும்போது அம்மா பின்னிக் கொடுத்த மஃப்ளரை மறக்காதே, பச்சைத் தண்ணீர் குடிக்காதே, பீடியை விடு, அது எனக்கும் தொற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது. வக்து தவறாமல் தொழு, முடியாத இடத்தில் மனதுக்குள் தொழு. அல்லாஹ் உன்னை எந்தக் கணக்கிலும் விட்டுவிடாமல் காப்பானாக. உன் கார்டு வந்தால் இந்த வீடு நமக்கு இல்லை. வரட்டும், சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
மு. சஃபியா பேகம்,
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு